தூண்டிற்பொன்னும் கோலிரையும்: பார்மீன் வேட்டை குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் என்பது தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் அறிந்த பாடம். நெய்தலுக்குரிய உரிப்பொருளையும் கருப்பொருளையும் தேர்வுத் தாளில் பிழையின்றி எழுதும் நாம், அந்நிலத்து மக்களின் தொழிலறிவை ஓர் அறிவுத்துறையாகக் கற்பது அரிதாகவே உள்ளது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் கடல் வந்துவிடும். கொட்டிவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், உத்தண்டி, கானத்தூர் ரெட்டிக்குப்பம், கோவளம் என மீனவர் குப்பங்கள் வரிசையாக நிற்கின்றன. இவ்வளவு அண்மையில் இருந்தும் அம்மக்களின் சொற்கள் நம் அகராதிக்கும், அவர்களின் நுட்பங்கள் நம் வகுப்பறைக்கும் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

இக்கட்டுரை தூண்டில் ஒன்றைப் பற்றியது. மீன்போல் செதுக்கிய மரத்துண்டை எறிந்து, பெருமீனை மயக்கிப் பிடிக்கும் முறை இன்று உலகெங்கும் ஒரு விளையாட்டாக வளர்ந்துள்ளது. கடலடிப் பாறைத் திட்டுகளையும் பவளத் திட்டுகளையும் நம் மீனவர் ‘பார்’ என்பர். அப்பார்களின் விளிம்பில் திரியும் பெருமீன்களே இவ்வேட்டையின் இலக்கு. ஆங்கிலத்தில் ‘ஸ்டிக்பெயிட்’ என வழங்கும் இம்மரத்துண்டை நாம் இக்கட்டுரையில் ‘கோலிரை’ எனக் குறிக்கிறோம். உண்ணத்தகாத பொருளால் செய்த இரை அனைத்திற்கும் ‘பொய்யிரை’ என்பதைப் பொதுப்பெயராகக் கொள்கிறோம். கோலிரையின் அமைப்பு, அது மீனை ஈர்க்கும் காரணம், அதனைக் கையாளும் முறை, அதற்கும் நம் தாம்பரம் வட்டாரத்துக்கும் உள்ள தொடர்பு ஆகியவற்றை முறையே காண்போம்.

இலக்கியத்தில் தூண்டில்

குறுந்தொகையின் 54ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாடலில் அமைந்த உவமையைக் கொண்டே அவர் ‘மீனெறி தூண்டிலார்’ எனப்பட்டார். தினைப்புனம் காப்போரின் கவண் ஒலிக்கு அஞ்சிய காட்டு யானை, தான் வளைத்துப் பிடித்திருந்த பசிய மூங்கிலைக் கைவிடுகிறது. விடுபட்ட மூங்கில் மீன் பிடிப்போரின் தூண்டிற்கோல் போல மேலெழுகிறது. குறிஞ்சிப் பாடலில் நெய்தலின் கருவி ஒன்று உவமையாக வந்து, பாடியவருக்குப் பெயரும் ஈந்தது.

இவ்வுவமையின் இலக்கிய நயத்தை நம் ஆசிரியப் பெருமக்கள் பலகாலும் விளக்கியுள்ளனர். அதனுள் ஒரு தொழில்நுட்பச் செய்தியும் உண்டு. தூண்டிற்கோல் வளைய வேண்டும். வளைந்தது விரைந்து நிமிரவும் வேண்டும். இந்த மீள்திறனே கோலின் உயிர். மீன் திடீரென இழுக்கும்போது அவ்விசை கயிற்றின் ஓரிடத்தில் தாக்காமல் கோல் முழுவதும் பரவுகிறது. கயிறு அறாமல் தப்புகிறது. பச்சை மூங்கிலின் இடத்தைக் கண்ணாடியிழையும் கரியிழையும் பிடித்துக்கொண்டன, விதி மாறவில்லை.

இரண்டாவது சான்று திருக்குறளில் உள்ளது. சூது அதிகாரத்தின் முதற்குறள் (931), சூதில் வென்ற பொருளைத் தூண்டிற்பொன்னை மீன் விழுங்கியதற்கு ஒப்பிடுகிறது. ஈண்டுப் ‘பொன்’ என்பது இரும்பைக் குறிக்கும் என்பதும், இரையால் மறைந்த இரும்பை இரையென்றே கருதி மீன் விழுங்குகிறது என்பதும் பரிமேலழகர் உரையால் அறியப்படும். அவர் காட்டும் தூண்டிலில் மெய்யான இரை ஒன்று உண்டு. அது முள்ளை மறைக்கிறது.

கோலிரையிலோ மறைப்பதற்கு ஊன் ஏதுமில்லை. மணமும் இல்லை, சுவையும் இல்லை. முள் வெளிப்படையாகத் தொங்குகிறது. ஆயினும் மீன் பாய்ந்து கவ்வுகிறது. எதைக் கண்டு கவ்வுகிறது? அசைவைக் கண்டு கவ்வுகிறது. பொருளால் மயக்கிய தூண்டில் அசைவால் மயக்கும் தூண்டிலாக வளர்ந்தது என இவ்வளர்ச்சியைச் சுருங்கக் கூறலாம்.

கோலிரையின் அமைப்பு

கோலிரை பார்ப்பதற்கு எளியது. பெருமீனுக்கானது பெரும்பாலும் 18 முதல் 25 சென்டிமீட்டர் நீளமும், 80 முதல் 180 கிராம் வரை எடையும் கொண்டிருக்கும். இருமுனையும் கூம்பி, நடுவில் பருத்து, முரல் அல்லது கோலா மீனின் வடிவை ஒத்திருக்கும். வேறுசில பொய்யிரைகளின் வாயில் நீரைத் தள்ளும் தகடு ஒன்று இருக்கும். ‘பாப்பர்’ என்பதன் முகம் கிண்ணம்போல் குழிந்து, இழுக்கும்போது நீரை வாரியடித்து ஓசை எழுப்பும். கோலிரைக்குத் தகடும் இல்லை, குழிவும் இல்லை. எனவே அது தானாக ஆடாது. பிடித்திருப்பவரின் கையே அதற்கு உயிரூட்ட வேண்டும்.

எளிய இவ்வடிவின் நுட்பம் உள்ளே உள்ளது. மரத்தின் அடிவயிற்றில் ஈயக்குண்டுகளைப் பதிக்கின்றனர். ஈயத்தின் அளவும் இடமும் கோலிரையின் குணத்தை முடிவு செய்கின்றன. பின்புறம் கனத்தால் வால் தாழ்ந்து மிதக்கும். நடுவில் சமன் செய்தால் கிடையாக மிதக்கும். மேலும் கூட்டினால் மெல்ல அமிழும். மிதப்பவை அமைதியான நீருக்கும், அமிழ்பவை அலைமிகுந்த நீருக்கும் காற்று வீசும் நாளுக்கும் ஏற்றவை. முகத்திலிருந்து வயிறு வழியாக வால் வரை துருவேறா எஃகுக் கம்பி ஒன்று ஊடுருவிச் செல்லும். மீனின் கடியால் மரம் பிளந்தாலும் முள்ளும் கயிறும் இக்கம்பியால் பிணைந்தே இருக்கும். ஜப்பானியக் கைவினைஞர்கள் இவ்வகை மர இரைகளை மிக நுணுக்கமாக வளர்த்தெடுத்தனர்.

இழுக்கும்போது நிகழ்வது யாது? கூர்முகம் நீரைக் கிழித்து உள்ளே அமிழ்கிறது. உடலின் இருபுறமும் ஓடும் நீர் அதனை ஒருபுறம் தள்ள, அடிவயிற்று ஈயம் மீண்டும் நிமிர்த்துகிறது. இவ்விரு விசைகளின் இழுபறியில் கோலிரை இடமும் வலமும் நெளிந்து, விலாப்புறத்தைப் புரட்டிப் புரட்டிக் காட்டுகிறது. விலா வெயிலில் மின்னுகிறது. இழுப்பை நிறுத்தியதும் காற்றுக்குமிழிகளை விட்டவாறு மெல்ல மேலெழுகிறது. அடிபட்ட மீன் ஒன்று ஓட முயன்று, இயலாமல் தளரும் காட்சியே அது.

பாறை மீனின் இயல்பு

இவ்வேட்டையில் முதலிடம் பெறுவது பாறைக் குடும்பத்தின் மிகப்பெரிய இனமாகும். கண்ணாடிப்பாறை, மஞ்சப்பாறை, தோல்பாறை எனப் பல பாறை மீன்களை நம் சந்தைகளில் காண்கிறோம். அக்குடும்பத்தின் பேரினத்தை ஆங்கிலேயர் ‘ஜயன்ட் டிரெவல்லி’ என்பர். அறிவியற்பெயர் ‘காரங்ஸ் இக்னோபிலிஸ்’. லின்னேயசின் மாணவர் ஃபோர்ஸ்கால் செங்கடல் பகுதியில் கண்டு எழுதிய குறிப்புகள், அவர் மறைந்தபின் 1775இல் வெளியானபோது இப்பெயர் உலகுக்குத் தெரிந்தது. ‘இக்னோபிலிஸ்’ என்னும் இலத்தீன் சொல் ‘உயர்குடிப் பிறவாதது’ எனப் பொருள்படும். இன்று தூண்டிலர் மிக உயர்வாகப் போற்றும் மீனுக்கு வாய்த்த பெயர் இது! 2006இல் ஜப்பானில் தூண்டிலில் பிடிபட்ட ஒரு மீன் 72.8 கிலோ எடை இருந்தது. உலகச் சாதனையாக அது பதிவு பெற்றது.

இம்மீன் கண்ணால் வேட்டையாடுவது. நீரின் மெல்லதிர்வையும் உடலின் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பால் அறிவது. கூட்டமாக நீந்தும் சிறுமீன்களுள் ஒன்றைக் குறிவைப்பது கொன்றுண்ணும் மீனுக்கு எளிதன்று. ஒரே வடிவும் ஒரே அசைவும் கொண்ட நூறு உடல்கள் அதன் கண்ணைக் குழப்புகின்றன. கூட்டத்தின் சீரிலிருந்து பிறழ்ந்த ஒன்று தென்பட்டால் மட்டுமே குழப்பம் நீங்கும். கோலிரை அத்தகைய பிறழ்வையே நடித்துக் காட்டுகிறது. சீரான வேகத்தில் இழுத்த கோலிரையைவிட, விட்டுவிட்டு இழுத்தது மிகுதியாக மீனை ஈர்ப்பதன் காரணம் இதுவே.

பெருமீன் எங்கே நிற்கும் என்பதும் கற்கத்தக்கது. நீரோட்டம் பாரின்மேல் வந்து மோதும் முகப்பில் சிறுமீன்கள் திரளும். பாறை மீன் அங்கே காத்திருக்கும். ஓட்டம் நின்ற நேரத்தில் அதன் வேட்டையும் மந்தமாகும். வைகறையும் மாலையும், ஓதம் ஏறியிறங்கும் பொழுதும் ஏற்ற வேளைகள்.

எறிதலும் இழுத்தலும்

பேருருக்கொண்ட பாறையைத் தேடுவோர் நம் நாட்டில் பெரும்பாலும் அந்தமான் தீவுகளுக்குச் செல்கின்றனர். சென்னைத் துறைமுகத்திலிருந்து கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். தமிழர் பல்லாயிரவர் வாழும் இடம். அங்குத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பார்கள் விளிம்பு கட்டி நிற்கின்றன. படகைப் பாரின்மேல் செலுத்தாமல், சற்று விலகி ஆழநீரில் நிறுத்தி, பாரின் விளிம்பை நோக்கிக் கோலிரையை எறிவர். மேற்கண்ட நுட்பங்கள் அனைத்தும் ஒருங்கே வெளிப்படும் இடம் அது.

எறிந்தபின் கோலின் முனையை நீரருகே தாழ்த்தி, ஒரு மீட்டர் அளவு பக்கவாட்டில் நீளமாக இழுக்க வேண்டும். வெடுக்கென இழுத்தால் கோலிரை நீருக்கு மேலே துள்ளிவிடும், மீன் ஐயுறும். இழுத்தபின் தளர்ந்த கயிற்றை உருளையில் சுற்றிக்கொண்டு, ஓரிரு நொடி நிறுத்தி, மீண்டும் இழுக்க வேண்டும். அலையின் ஏற்றத்தில் இழுப்பதைவிட அலை தாழும் பக்கத்தில் இழுப்பது நன்று. அங்கே கோலிரை நீருக்குள் நிலைக்கும். மீன் பாய்ந்து தவறவிட்டால் கையை நிறுத்தலாகாது. தப்பியோடும் இரைபோலத் தொடர்ந்து இழுத்தால் இரண்டாம் முறையும் அது பாய்வதுண்டு.

கவ்வியபின் முதல் சில நொடிகளே வெற்றியையும் தோல்வியையும் வகுக்கின்றன. பாறை மீன் ஆழம் நோக்கி, பாரின் இடுக்குகளை நாடி ஓடும். பவளத்தின் கூர்விளிம்பில் உரசினால் எத்துணை வலிய கயிறும் அறும். ஆகவே கயிற்றின் கடைசிப் பகுதியாகத் தடித்த தங்கூசி நரம்பை இணைக்கின்றனர். உராய்வைத் தாங்குவது அதன் பணி. அதன் பின்னுள்ள நீண்ட பகுதி பாலிஎதிலீன் இழைகளால் பின்னியது. மெல்லியதாயினும் மிக வலியது, நீளாதது. உருளையின் தடையை 10 கிலோ அளவுக்கும் மேலே இறுக்கி வைப்பர். படகோட்டுபவர் அந்நொடியே படகைப் பாரிலிருந்து விலக்கிச் செலுத்துவார். தூண்டில் பிடிப்பவரின் தோள்வலி இதில் பாதி. படகோட்டியின் அறிவு மறுபாதி.

நம் கடலோரத்தின் அறிவு

இவை அனைத்தும் அயல்நாட்டுப் புதுமை என எண்ணுதல் பொருந்தாது. பாரைக் கண்டறிதல், நீரோட்டம் உணர்தல், மீனின் பசிப்பொழுதை அறிதல் ஆகிய மூன்றும் இல்லையேல் விலையுயர்ந்த கோலிரையும் வெறும் மரத்துண்டே. இம்மூன்றிலும் நம் கட்டுமர மீனவர் தேர்ந்தவர்.

கரையோரக் கடலில் நின்று நோக்கினால் மேற்கே பல்லாவரம், திரிசூலம் மலைத்தொடரும் பரங்கிமலையும் தெரியும். அம்மலை முகடு ஒன்றும் கரையிலுள்ள மரமோ கோபுரமோ ஒன்றும் ஒரே கோட்டில் அமையும்படி ஒரு திசையிலும், வேறு இரு அடையாளங்கள் ஒரே கோட்டில் அமையும்படி மற்றொரு திசையிலும் பார்த்தால், இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார் இருக்கும். குமரிக் கடற்கரையில் இதனைக் ‘கணியம்’ என்பர். செயற்கைக்கோள் வழிகாட்டி வருமுன்னரே ஏட்டில் எழுதாமல் மனத்தில் எழுதிய வடிவியல் இது. நீரோட்டம் வரும் திசைக்கேற்ப ‘வன்னி’, ‘தெண்டி’ எனச் சென்னை மீனவர் பெயரிட்டு வழங்குவதும், காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான் எனத் திசைதோறும் பெயர் வைத்திருப்பதும் இவ்வறிவின் பகுதிகளே.

இவ்வறிவு இன்று மெலிந்து வருகிறது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் விரைந்து பிடித்தன. வலைகள் பெருகின, தூண்டிலை நம்பி வாழ்வோர் குறைந்தனர். தொழில் மாறுவது இயல்பு. மீனவர் உயிருக்குப் பாதுகாப்பும் வருவாயும் கிடைப்பது நன்றே. ஆனால் தொழிலோடு சொற்களும் மறைகின்றன. ஒரு பாரின் பெயர் மறந்தால் அங்கே வாழும் மீன், அதன் பருவம், அதற்கேற்ற தூண்டில் ஆகிய செய்திகளும் உடன் மறைகின்றன.

ஏரிநீரும் பார்மீனும்

தாம்பரத்தில் வாழும் நமக்கும் தொலைகடற் பார்மீனுக்கும் யாது தொடர்பு என வினவலாம். நீர்வழியே விடை தருகிறது. சேலையூர், செம்பாக்கம் முதலிய ஏரிகளின் மிகைநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கடல் புகுகிறது. மேற்குத் தாம்பரம், முடிச்சூர்ப் பக்கத்து நீரோ அடையாற்றின் வழியே கடலடைகிறது. எனவே நம் தெருவில் விழும் மழைத்துளி எத்திசையில் ஓடினும் ஒரு கழிமுகத்தில் முடிகிறது.

கழிமுகங்களே மீன்குஞ்சுகளின் நாற்றங்கால். பாறைக் குடும்பத்து இனங்கள் பலவற்றின் குஞ்சுகள் உப்பும் நன்னீரும் கலந்த இத்தகைய நீரில் வளர்ந்து, பருவம் எய்தும்போது கடலின் பார்களை நாடிச் செல்கின்றன. கோலிரைக்கு உகந்த மற்றொரு மீனாகிய கொடுவாவும் கழிமுகத்தோடு பிணைந்தது. முட்டுக்காட்டில் ஆய்வுப் பண்ணை நடத்தும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், 1997இல் கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்வித்து வெற்றி கண்டது என்பது இவ்வட்டாரத்துக்குப் பெருமை.

பள்ளிக்கரணைக்கு 2022இல் ராம்சார் நிலமென உலக ஏற்பு கிடைத்தது. ஆயினும் ஏரிக்குள் கழிவுநீரையும் நெகிழியையும் விடும் வழக்கம் நின்றபாடில்லை. செம்பாக்கத்தில் கலக்கும் அழுக்கு முட்டுக்காட்டில் மீன்குஞ்சின் மூச்சை அடைக்கும். நாற்றங்கால் கெட்டால் வயல் விளையுமா? பார்கள் வெறுமையானால் கோலிரையை எறிந்து பயன் யாது?

பிடித்தலும் விடுத்தலும்

உணவுக்காக மீன் பிடிப்பது மனிதன் தொன்றுதொட்டுச் செய்துவரும் தொழில். விளையாட்டுக்காகப் பிடிப்போருக்கோ அதனினும் கூடுதலான பொறுப்பு உண்டு. மிகப்பெரிய மீன்களே அவர்களின் இலக்கு என்பதால் இது மேலும் இன்றியமையாதது. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பின்னர்ப் பெண்ணாக மாறும் இயல்புடையது. ஆகவே மிகப்பெரிய கொடுவாவைக் கொல்வது பெரும்பாலும் முட்டையிடும் தாயைக் கொல்வதாகும். களவா மீன்கள் பலவற்றில் இம்மாற்றம் நேர்மாறானது. அங்கே பெரியவை ஆண்கள். எம்முறையாயினும் பெரியவற்றையே தேடி அகற்றினால் இனத்தின் சமநிலை குலையும்.

இதனை உணர்ந்த தூண்டிலர் பிடித்த பெருமீனை மீண்டும் நீரில் விடும் வழக்கத்தை மேற்கொண்டுள்ளனர். அதற்கேற்பக் கருவியும் மாறியது. மூன்று கொக்கி கொண்ட முள்ளை நீக்கி ஒற்றை முள்ளைப் பொருத்துகின்றனர். முள்ளின் எதிர்ச்செதிலை நசுக்கி மழுக்குகின்றனர். இதனால் மீனின் வாய் கிழியாது. பிடிப்பவரின் விரலுக்கும் இடர் குறையும். மீனை வாலில் தொங்கவிடாமல் கிடையாகத் தாங்கி, ஈரக்கையால் பிடித்து, விரைவில் நீரில் இறக்கி, அது தானே நீந்தும்வரை பிடித்திருத்தல் முறை.

சட்டமும் அறியத்தக்கது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அந்தமானில் வண்டூரை அடுத்த மகாத்மா காந்தி பூங்காவும், 1996இல் அமைந்த ராணி ஜான்சி பூங்காவும் அத்தகையனவே. இப்பூங்காக்களின் எல்லைக்குள் விளையாட்டுக்காகவும் தூண்டில் எறிதல் கூடாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. கோலிரை அசைவால் மயக்கும் கருவி. அவ்வசைவைப் படைப்பது கை. கையை நடத்துவது மீனைப் பற்றிய அறிவு. அவ்வறிவு நூலகத்தில் மட்டும் இல்லை. நீலாங்கரையிலும் கோவளத்திலும் வலை பழுதுபார்த்தபடி அமர்ந்திருக்கும் முதியவர்களின் நினைவிலும் உள்ளது.

தமிழ்த்துறை மாணவர்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுவோர் ஒரு குப்பத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அங்குள்ள பெரியவர்களை அணுகி, பார்களின் பெயர், நீரோட்டத்தின் பெயர், முள்ளின் வகை, மீனின் பருவம் ஆகியவற்றைக் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். பொருளோடு, இயன்றால் படத்தோடு, தொகுத்துத் துறை நூலகத்தில் வையுங்கள். ஊர்ப் பெரியோர்க்கும் ஒன்று கூறுவோம். நம் ஏரிகளைத் தூய்மையாக வைத்தல் நிலத்தடி நீருக்காக மட்டுமன்று. கடலில் ஒரு மீன் வளர்வதற்காகவும் ஆகும்.

பச்சை மூங்கில் மேலெழுந்த காட்சியைக் கண்ட புலவருக்குத் தூண்டில் நினைவுக்கு வந்தது. அக்கருவியை அவர் கூர்ந்து பார்த்திருந்தமையால்தான் அவ்வுவமை பிறந்தது. இன்றைய நெய்தலையும் அவ்வாறே கூர்ந்து பார்த்தால் நம் தமிழுக்குப் புதிய சொற்களும் புதிய உவமைகளும் கிடைக்கும்.